சாலைத்தடுப்போடு நின்றுவிடும் ஒத்துழைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு ஒருமுறை தங்கள் நாளிதழில் ஒரே மாதிரி செய்தி வரும். போதைப்பொருள் ஒழிப்பில் அண்டை நாடுகள் ஒத்துழைப்பை வலுப்படுத்தும் என்று அதிகாரிகள் கூடிப் பேசியிருப்பார்கள். பக்கத்திலேயே, சீனத் தேயிலைப் பொட்டலங்களில் அடைத்த சியாபுவை, அதாவது மெத்தாம்பெட்டமினை, மேசைமேல் அடுக்கிவைத்துப் போலீசார் நிற்கும் படமும் இருக்கும். பிடிபட்டது நல்லதுதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒத்துழைப்பு லாரியைப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறது. எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் இருக்கும் மனுஷர்கள் வரைக்கும் அது வந்து சேர்ந்ததே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்துக் கோலக்கெட்டில்காரன். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி வேறு, அரசாங்கக் கிளினிக் வேறு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊரில் இன்னமும் எனக்கு ‘டிரஸ்ஸர்’ என்றுதான் பேர். வேலையின் கடைசிக் காலம் பெரும்பாலும் மெத்தடோன் கொடுக்கும் முகப்பில் கழிந்தது. ஹெரோயினிலிருந்து மீள்கிறவர்களுக்குத் தினமும் ஒருவேளை கொடுக்கும் மருந்து அது. நம் நாட்டில் 2005இல் தொடங்கினார்கள். கதவு திறப்பதற்கு முன்பே மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுவரோரம் குந்தியிருப்பார்கள். பேர் கூப்பிட்டதும் வந்து, சின்ன பிளாஸ்டிக் கோப்பையை வாங்கி நம் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். குடித்த பிறகு தண்ணீர் கொடுத்து, இரண்டு வார்த்தை பேச வைப்போம். மருந்தை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காக. “சாப்டியாப்பா? வேல எப்படி?” என்று நான் கேட்பதைச் சிலர் நலம் விசாரிப்பு என்று நினைத்தார்கள். பாதி அதுவும்தான்.

அப்படி வந்துகொண்டிருந்த ஒரு தம்பி தேறிவிட்டான். சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தது, லாரியில் உதவியாளாகப் போனான், மனைவியும் திரும்பி வந்தாள். ஜொகூரில் இருந்த மச்சான் சிங்கப்பூரில் கிடங்கு வேலை ஒன்று பார்த்து வைத்தார். செம்பனைத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போவதையும் அந்தச் சம்பளத்தையும் ஒரே மூச்சில் பேச முடியாது. அவன் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான். “அங்க போனா மருந்த எங்கண்ணே குடிக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. சுங்கைப்பட்டாணியிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மாறிப் போகிற நோயாளிக்குக் கிளினிக்கிலிருந்து கிளினிக்குக்குக் கடிதம் போகும், மருந்து நிற்காது. பாலத்தைத் தாண்டிவிட்டால் கதை வேறு. சிங்கப்பூரில் மெத்தடோனைத் தொடர்ந்து கொடுக்கும் சிகிச்சை கிடையாது. அது அங்கே தடைசெய்யப்பட்ட போதைப்பொருள்களின் முதல் வகுப்பில் இருக்கிறது. தாய்லாந்தில் இந்தச் சிகிச்சை உண்டு. ஆனால் எங்கள் முகப்பிலிருந்து அங்குள்ள ஒரு முகப்புக்கு “இவர் இன்னார், இத்தனை மில்லி எடுக்கிறார்” என்று நாலு வரி எழுதி அனுப்ப ஒரு வழி என் காலத்தில் வந்து சேரவில்லை. சாலைத்தடுப்பில் ஒரு லாரியின் எண்ணைச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்கிறார்கள். ஒரு நோயாளியின் மருந்தளவைச் சொல்ல ஏன் முடியவில்லை?

அந்தத் தம்பி போகவில்லை. போயிருந்து, மருந்து நின்று, மேல்வலி தாங்காமல் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தால், அவனைப் பிடிக்க மட்டும் இரண்டு நாட்டிலும் ஆள் இருந்திருப்பார்கள்.

வடக்கு எல்லை எங்களுக்குப் பக்கம். பாலிங் வழியாகப் பெங்காலான் உலு, அப்பா காலத்தில் அதற்குக் குரோ என்று பேர், அதைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். இந்தப் பக்கம் புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகப் போனால் ஹாட்யாய். பள்ளி விடுமுறை வந்தால் வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். இளைஞர்கள் மோட்டாரிலேயே போகிறார்கள். போகட்டும். ஆனால் அங்கே சட்டம் எப்படி மாறிக்கொண்டே இருக்கிறது என்று இவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? 2021 ஆகஸ்டில் தாய்லாந்து, காய்ச்சிக் குடிக்கும் கெத்தும் (கிராத்தோம்) இலையைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாச் செடியையும் எடுத்தது. தெருவுக்குத் தெரு பச்சை இலைப் படம் போட்ட கடைகள் முளைத்தன. பிறகு 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாது என்று மறுபடி கயிற்றை இறுக்கினார்கள். இங்கேயோ எதுவும் மாறவில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். அங்கே புகைத்துவிட்டு இங்கே வந்து சிறுநீர்ச் சோதனையில் சிக்கினாலும் வழக்கு உண்டு என்று நம் போலீசார் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். அவரவர் நாட்டுக்கு அவரவர் சட்டம், அதில் நான் தலையிட முடியாது. எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் என்ன சட்டம் என்று அதைத் தாண்டுகிறவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்வது ஒத்துழைப்பில் சேராதா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஓர் அக்கா இருக்கிறார். வெள்ளிக்கிழமை பஜனையில் முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர். ஹாட்யாய் போய்வந்த மறுநாள் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கி வந்த மிட்டாய்ப் பையிலிருந்து எனக்கும் ஒன்றை எடுத்து நீட்டினார். ஜெல்லி மிட்டாய். உறை முழுக்கச் சயாம் எழுத்து, மூலையில் விரல் விரித்தது மாதிரி ஒரு பச்சை இலை.

“என்ன இலக்கா இது?”

“ஏதோ மூலிகன்னு சொன்னான் தம்பி. ராத்திரி நல்லா தூக்கம் வருமாம்.”

நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் நம்பவில்லை. டீவி மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, “அவ்வளவு காசு குடுத்து வாங்கினேனே” என்று அதற்கும் அங்கலாய்த்தார். சுங்கச் சாவடியில் அந்தப் பையைத் திறந்திருந்தால் அக்காவின் பேர் தங்கள் நாளிதழில் எந்தப் பக்கத்தில் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேரப்பிள்ளை இரண்டைத் தின்றிருந்தால் எங்கள் கிளினிக்கில் யாருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அந்த எல்லையில் இது பற்றித் தமிழில் ஓர் அறிவிப்பை நான் பார்த்ததில்லை. வேன் ஓட்டுகிறவர்கள், கோயில் யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இவர்கள் கையில் இரண்டு நாட்டு அரசாங்கமும் சேர்ந்து அச்சடித்த ஒரு தாள் இருந்தால் போதும். பெரிய செலவு இல்லை.

கெத்தும் விஷயம் இதைவிட வேடிக்கை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் அசதி தெரியாமல் இருக்க அந்த இலையைக் காய்ச்சிக் குடிப்பது வடக்கே பழைய பழக்கம், மலாய்க்காரர்களிடமும் உண்டு, நம்மவர்களிடமும் உண்டு. இப்போது அது ராஃபியா கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் விற்கிறது. இருமல் மருந்தைக் கலந்துவிட்டால் அது வேறு சரக்காகிவிடும். படிவம் மூன்று படிக்கிற பையன்கள் குடிப்பது அந்தக் கலவையைத்தான். இங்கே அதன் சத்தான மித்ரஜினின் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது: பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முன்பெல்லாம் கெடா, பெர்லிஸிலிருந்து இலை மூட்டை மூட்டையாக எல்லை தாண்டி வடக்கே போனது. அதைத் தடுக்க இரண்டு நாடும் ஓடின. இப்போது அங்கே அது சந்தைச் சரக்கு. 2022இல் தனிச் சட்டமே போட்டு, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விற்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். சரி, அப்படித் திறந்துவிட்டதால் அங்கே ஹெரோயினும் பில் குடா என்ற மெத்தாம்பெட்டமின் மாத்திரையும் குறைந்ததா, கூடியதா? இளைஞர்கள் எந்த வயதில் தொடங்குகிறார்கள்? ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கூடினார்களா? பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பல ஆண்டுகளாகக் கெத்தும் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடே சோதனைக்கூடமாக இருக்கும்போது, அதன் கணக்கைக் கேட்டு வாங்கி, எங்களைப் போன்ற கிளினிக்குகளுக்குக் குறிப்பாக அனுப்பலாமே. பொட்டலத்தின் எடையைப் பரிமாறிக்கொள்கிறவர்கள் இதையும் பரிமாறிக்கொண்டால் என்ன?

“ஊர்ப் பிள்ளைகளை ஊர்தான் திருத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைக் கேட்கலாமா?” என்று சிலர் தங்களுக்குப் பதில் கடிதம் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். கோயில் கூட்டத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள். 1947இல் பீடோங் பக்கம் தொண்டர் படைக்காரர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போலீசிடம் அடி வாங்கியது இந்தக் கெடாவில்தான். எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி இல்லை. ஆனால் அன்றைக்குக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கதவு எங்கே, காசு யாருக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பையன் கையில் இருக்கும் சியாபு மியன்மாரின் ஷான் மாநிலத்து மலையில் காய்ச்சப்படுகிறது. அதற்கு வேண்டிய ரசாயனம் வேறு நாடுகளிலிருந்து போகிறது. சரக்கு லாவோசையோ தாய்லாந்தையோ கடந்து, சில சமயம் அந்தமான் கடல் வழியாக வந்து இறங்குகிறது. அதன் முன்னால் எந்த வாசலில் போய் மறியல் செய்வது? 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே யாருடைய பேச்சு எந்த மலையில் செல்லும் என்பதே தெரியாத நிலை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், அடுப்பு எரிகிற இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் இன்னொருவர். நாடுகள் சேராமல் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சேர்ந்து என்ன செய்தார்கள் என்று பார்த்தால், தேதி வைத்தார்கள். 1983 பிப்ரவரி 19ஆம் தேதி டாக்டர் மகாதீர் போதைப்பொருளை நாட்டுப் பாதுகாப்புக்கு முதல் மிரட்டல் என்று அறிவித்தார். இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். 1998இல் ஆசியான் நாடுகள் கூடி 2020க்குள் போதைப்பொருள் இல்லாத வட்டாரம் என்றன. இரண்டே ஆண்டில் உற்சாகம் மேலிட்டு அதை 2015 என்று முன்னுக்கு இழுத்தார்கள். 2015ம் போனது, 2020ம் போனது. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகக் கணக்குப்படி கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023இல் பிடிபட்ட மெத்தாம்பெட்டமின் 190 டன், 2024இல் 236 டன். இவ்வளவு பிடித்தும் விலை ஏறவில்லை, இறங்கத்தான் செய்கிறது என்று அதே அலுவலகம் எழுதுகிறது. சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏற வேண்டும் என்பது எங்கள் ஊர் ஒட்டுக்கடைக்காரருக்கே தெரிந்த கணக்கு.

கடைசியாகத் தெற்கு எல்லை. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராம் ஹெரோயினுக்காக 2022 ஏப்ரல் 27ஆம் தேதி சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. 2025 செப்டம்பர் 25ஆம் தேதி தட்சிணாமூர்த்தி காத்தையா. இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 8ஆம் தேதி பன்னீர் செல்வம் பரந்தாமன். பேர்களைப் பாருங்கள். எந்தத் தோட்டத்து லயத்தில் தேடினாலும் கிடைக்கிற பேர்கள். அவர்கள் குற்றமே செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஊசி குத்திக் குத்தி நரம்பே கிடைக்காத கைகளில் ரத்தம் எடுக்கத் திணறியவன் நான். அந்தப் பொடியை யார் கொண்டுபோனாலும் எனக்கு ஆத்திரம்தான். எனக்குப் புரியாதது, கொடுத்தனுப்பியவன் எங்கே என்பது.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் 2013 முதல் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. குற்றவாளி வெறுமனே சுமந்து வந்தவர் என்று நிரூபணமாகி, கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழும் கொடுத்தால், தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்க நீதிபதிக்கு அனுமதி உண்டு. முறியடிப்பு சிங்கப்பூருக்குள் நடந்தாலும் சரி, வெளியே நடந்தாலும் சரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சுமந்து போகிற நம் பையனுக்குத் தெரிந்த ஆள் யார்? ஜொகூர் பாருவில் கோப்பிக்கடையில் பொட்டலத்தைக் கொடுத்தவன், ஈப்போவில் கடனை வைத்து மிரட்டியவன். அவர்களைச் சிங்கப்பூர் அதிகாரி இங்கே வந்து பிடிக்க முடியாது. நம் போலீஸ்தான் பிடிக்க வேண்டும். பையன் சொன்ன தகவல் சரியான நேரத்தில் இந்தக் கரைக்கு வந்து, இங்கே யாராவது ஒருவர் கைதானால்தான் அது ‘கணிசமான உதவி’ ஆகும். தாமதமானால் பேர் சொன்னவன் கயிற்றுக்கும், பேர் சொல்லப்பட்டவன் அடுத்த பையனைத் தேடியும் போவார்கள். பன்னீர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார் என்று அவர் தரப்பு தொடர்ந்து வாதாடியது, சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆக, ஓர் உயிர் இருப்பதும் போவதும் இரண்டு அரசாங்கங்கள் எவ்வளவு வேகமாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர சட்ட உதவிக்கான ஆசியான் ஒப்பந்தம் 2004 நவம்பரில் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. அதில் நாமும் இருக்கிறோம், சிங்கப்பூரும் இருக்கிறது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை.

சிங்கப்பூர் தன் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்பது அவர்கள் பாடு. நம் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எல்லை தாண்டிப் பிடிபட்ட மலேசியர் எவராவது வாக்குமூலத்தில் இந்தப் பக்கத்து ஆளைச் சொன்னால், அது இத்தனை நாளுக்குள் நம் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானுக்கு வர வேண்டும், அதன்பேரில் என்ன நடவடிக்கை என்று இத்தனை நாளுக்குள் பதில் போக வேண்டும், அந்தப் பதிலின் நகல் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கும் கிடைக்க வேண்டும். இப்படி ஒரு காலவரம்பை அடுத்த இருநாட்டுப் பேச்சுவார்த்தையில் வையுங்கள். அதோடு மெத்தடோன் நோயாளிக்கான அந்த நாலு வரிக் கடிதத்தையும் பேசுங்கள். சிங்கப்பூர் ஒப்புக்கொள்ளாது என்றால் தாய்லாந்தோடு தொடங்குங்கள், அங்கே மருந்து இருக்கிறதல்லவா.

நம் சமூகத்துப் பிரதிநிதிகள் மக்களவையில் இருக்கிறார்கள். தேர்தல் நேரத்தில் எங்கள் தாமானுக்கு வந்து சாலை விளக்கு போட்டுத் தருகிறார்கள், நன்றி. அவர்களில் யாராவது ஒருவர் அடுத்த கூட்டத்தொடரில் உள்துறை அமைச்சரிடம் ஒரு கேள்வி வைக்க வேண்டும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் சிங்கப்பூர்ச் சிறைகளில் இருந்த மலேசியர்கள் கொடுத்த தகவலின் பேரில் இங்கே எத்தனை விசாரணைகள் தொடங்கப்பட்டன, எத்தனை பேர் கைதானார்கள், அவர்களில் எத்தனை பேர்மீது வழக்குப் பதிவானது? எழுத்துமூலப் பதிலாக இருந்தாலும் போதும். மூன்று எண்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ‘டிரஸ்ஸர்’,
கோலக்கெட்டில், கெடா